பிள்ளைகளோடு ரிசார்ட்டுக்குப் போகிறீர்களா? முன்பணம் கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

குற்றாலம், செங்கோட்டை, தென்காசி, அம்பாசமுத்திரம் என்று மலையோரம் முழுக்க ரிசார்ட்டுகள் வந்துவிட்டன. அறை, மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல் குளம், ஜிப்லைன், வில்வித்தை, கேம்ப் ஃபயர் எல்லாவற்றையும் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை சொல்கிறார்கள். முதல் தடவை தேடுகிறவர்களுக்கு எல்லா விளம்பரமும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதே நீலக் குளம், அதே புல்வெளி, பின்னால் அதே மலை. சென்னையிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ விடுமுறைக்கு ஊருக்கு வந்து, பெரியவர்களையும் பிள்ளைகளையும் சேர்த்து இரண்டு நாள் எங்காவது கூட்டிப் போகலாம் என்று நினைக்கிற குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். திருநெல்வேலியிலேயே இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு முடிவு: அருவிக்கா, ரிசார்ட்டுக்கா?

ரிசார்ட்டின் பெயரைத் தேடுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து இதைப் பேசி முடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் இதைப் பொறுத்துத்தான்.

அருவியில் குளிக்கத்தான் போகிறீர்கள் என்றால் நாள் எப்படிப் போகும்? காலையில் ஐந்தருவி, கூட்டத்தில் நின்று ஒரு குளியல். அப்புறம் பழைய குற்றாலம், அங்கே இன்னொரு குளியல். குளித்தால் பசிக்கும். பசித்தால் செங்கோட்டைப் பக்கத்துப் பிரானூர் பார்டர் பரோட்டாவை விட்டுவிட்டு யாரும் ரிசார்ட்டின் பஃபே சாப்பாட்டுக்குத் திரும்பி வருவதில்லை. சாயங்காலம் பேரருவி, வழியில் பழக்கடை. இரவு அறைக்கு வந்தால் பிள்ளைகள் தூங்கிவிடும். நீங்கள் காசு கட்டிய மதியச் சாப்பாடு, வில்வித்தை, கயிற்றுப் பாலம் எல்லாம் உங்களுக்காகக் காத்திருந்துவிட்டு முடிந்துபோயிருக்கும். இந்தப் பயணத்துக்குச் சுத்தமான அறையும் காலைச் சாப்பாடும் போதும். 'எல்லாம் அடக்கம்' பேக்கேஜ் வாங்கவே வேண்டாம்.

பிள்ளைகள் நாள் முழுக்க ஒரே வளாகத்தில் ஓடி விளையாட வேண்டும், பெரியவர்கள் சமையலும் அலைச்சலும் இல்லாமல் உட்கார வேண்டும் என்றால்தான் பேக்கேஜ். அப்படிப் போனால் அருவியை ஒரு அதிகாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டையும் முழுசாகப் பார்க்க வேண்டுமானால் குறைந்தது மூன்று இரவு வேண்டும்.

பள்ளி விடுமுறையும் சாரலும் ஒன்றாக வருவதில்லை

தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில்தான் சாரல் தொடங்கும். ஜூலை, ஆகஸ்டில் நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்துக் கோடை விடுமுறையோ ஏப்ரல், மே. அந்த இரண்டு மாதம் பெரும்பாலும் அருவியில் தண்ணீர் நூலாக விழும், இல்லையென்றால் வெறும் பாறைதான். மே மாதம் பிள்ளைகளோடு வருகிறவர்கள் அருவியை நம்பி வராமல், நல்ல நீச்சல் குளமும் நிழலும் உள்ள இடமாகப் பார்க்க வேண்டும். பேக்கேஜுக்குப் பொருத்தமான காலமும் அதுதான்.

மே மாதத்திலும் கோடை மழை பெய்து திடீர் வெள்ளம் வரலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் சட்டென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். கீழே வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்தால் போதும். அருவியில் குளிக்கத் தடை போட்டிருக்கும் நாளில் 'எங்களுக்கு வேறு வழி தெரியும்' என்று எந்த ரிசார்ட் ஆள் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வார நாளில் வர முடிந்தால் வாருங்கள். சனி, ஞாயிறு என்றால் கூட்டமும் கூடும், வாடகையும் கூடும். காலாண்டு விடுமுறைக்குள் சாரல் ஓய்ந்துவிடும். அரையாண்டு விடுமுறையில் வடகிழக்குப் பருவமழையால் தண்ணீர் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கூட்டமாகக் குற்றாலத்தில் குளித்துவிட்டுத்தான் போவார்கள். அந்த நேரத்தில் அறை வேண்டுமென்றால் மாதக் கணக்கில் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

'எல்லாம் அடக்கம்' என்றால் எதெல்லாம்?

போனில் கேட்டால், "அண்ணாச்சி, எல்லாமே பேக்கேஜ்லயே வந்துரும், நீங்க கெளம்பி வாங்க போதும்" என்பார்கள். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த 'எல்லாம்' வேறு, நீங்கள் நினைக்கிற 'எல்லாம்' வேறு. அதனால் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை ஓட்டல்காரர்கள் மூன்று வகை சொல்வார்கள். சி.பி. என்றால் அறையும் காலைச் சாப்பாடும். எம்.ஏ.பி. என்றால் அதோடு மதியம் அல்லது இரவு, ஏதாவது ஒரு வேளை. ஏ.பி. என்றால் மூன்று வேளையும். இந்த மூன்றிலும் விளையாட்டு கிடையாது. விளையாட்டும் சேர்ந்தது என்றால் எந்தெந்த விளையாட்டு, ஒவ்வொன்றும் எத்தனை தடவை என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். ஜிப்லைன் ஒரு தடவைதான் இலவசம், வில்வித்தை ஐந்து அம்புதான் என்பது பல இடத்தில் வழக்கம். நான்கு சக்கர பைக், குதிரைச் சவாரி, கேம்ப் ஃபயர் விறகு, பார்பிக்யூ, அறைக்குக் கொண்டுவரும் தண்ணீர் பாட்டில் இவற்றுக்குத் தனிக் காசு வாங்குவதும் உண்டு.

அடுத்து நேரம். '2 நாள் 1 இரவு' என்று போட்டிருப்பார்கள். மதியம் 1 மணிக்கு அறை கொடுத்து மறுநாள் காலை 11 மணிக்குக் காலி செய்யச் சொன்னால் மொத்தம் 22 மணி நேரம். அதில் இரவுத் தூக்கத்தைக் கழித்தால், பிள்ளைகள் விளையாட ஒரு சாயங்காலமும் ஒரு காலையும்தான் மிச்சம். முதல் நாள் மதியச் சாப்பாடு சேருமா, மறுநாள் மதியம் சேருமா என்றும் கேளுங்கள். பொதிகை எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் காலையிலேயே தென்காசியில் இறங்கிவிடுவீர்கள். அறை கிடைக்கும்வரை பெட்டியை வைக்க இடம், உடை மாற்ற ஒரு குளியலறை, பிள்ளைகளுக்குக் குளத்தில் இறங்க அனுமதி, இந்த மூன்றையும் முன்பே பேசிவிட்டால் அரை நாள் வீணாகாது.

இப்போது ஒரு கணக்கு. புரிவதற்காக வைத்துக்கொள்ளும் தொகைகள் இவை. அப்பா, அம்மா, ஆச்சி, 12 வயது மகள், 4 வயது மகன். பேக்கேஜ் பெரியவர்களுக்கு ஆளுக்கு 3,500 ரூபாய், 6 முதல் 12 வயதுவரை பாதி, 5 வயது வரை இலவசம் என்று வையுங்கள். மூன்று பெரியவர்களுக்கு 10,500, மகளுக்கு 1,750, ஆக 12,250 ரூபாய். அதே அளவில் ஒரு குடும்ப அறை, காலைச் சாப்பாட்டோடு 5,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மதியமும் இரவும் வெளியே சாப்பிட 2,500 ரூபாய். ஆக 7,500. மிச்சம் 4,750 ரூபாய் விளையாட்டுக்கும் குளத்துக்குமாகப் போகிறது. அதை விளையாடப் போவது யார்? ஆச்சி ஜிப்லைனில் ஏறப் போவதில்லை. மகனுக்கு உயரம் போதாது என்று நிறுத்திவிடுவார்கள். மூன்று பேர் விளையாடுவதற்கு அந்தத் தொகை சரி என்று பட்டால் வாங்குங்கள். படவில்லை என்றால், "ஆச்சிக்கு விளையாட்டு வேண்டாம், தங்கலும் சாப்பாடும் மட்டும் போடுங்க" என்று கேளுங்கள். கேட்டால் குறைக்கிற இடங்கள் உண்டு. கேட்காமல் யாரும் குறைப்பதில்லை.

வரியையும் சேர்த்துத் தொகை சொல்லச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். விளம்பரத் தொகைக்குக் கீழே சின்ன எழுத்தில் 'வரி தனி' என்று இருந்தால், கட்டும் தொகை நன்றாகவே மாறும். பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்த்திருந்தால் அதை எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இலேயே அதைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

விளையாட்டுப் பட்டியலைவிட நேரப் பட்டியல் முக்கியம்

'40-க்கும் மேற்பட்ட விளையாட்டுகள்' என்று போர்டில் இருக்கும். அதில் கேரம், சதுரங்கம், ஊஞ்சல், பூப்பந்து எல்லாம் சேர்ந்துதான் 40. அவை மோசம் என்று சொல்லவில்லை. மழை நாளில் கேரம் போர்டுதான் கைகொடுக்கும். ஆனால் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். "நாளைக்கு என்னென்ன, எத்தனை மணிக்கு நடக்கும்? யார் நடத்துவார்?" என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிற இடத்தில் நேரம் போட்ட அட்டவணை ஒன்றை அப்போதே படம் பிடித்து அனுப்புவார்கள். 'நீங்க வாங்க, பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தால், அங்கே சாமான்கள் இருக்கும், கூட நின்று விளையாட வைக்க ஆள் இருக்காது. என் அனுபவத்தில் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது பெரிய ஜிப்லைன் அல்ல. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, குழு பிரித்து, கயிறு இழுக்கவும் புதையல் தேடவும் வைத்த அண்ணனையும் அக்காவையும்தான் ஊருக்குப் போன பிறகும் பேசுவார்கள். அப்படி ஒரு ஆள் இருக்கிற சின்ன ரிசார்ட், ஆள் இல்லாத பெரிய ரிசார்ட்டைவிட எவ்வளவோ மேல்.

வயதையும் பாருங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஆழமில்லாத தனிக் குளம், மணல், நிழல், கோழி, முயல் போதும். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு உயரமும் வேகமும் வேண்டும், கூட நாலு பேரும் வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு வயதும் இருந்தால் இரண்டு பக்கமும் தனித்தனி ஆள் இருக்கும் இடம்தான் சரிப்படும்.

உயரத்தில் நடக்கிற எதிலும் பிள்ளையை ஏற்றுவதற்கு முன்னால் நீங்களே கிட்டப் போய்ப் பாருங்கள். இடுப்பையும் இரண்டு தொடையையும் சுற்றிக் கட்டுகிற ஹார்னஸ் பெல்ட்டைக் கையில் எடுத்துத் தையலைத் தடவுங்கள். வெயிலில் கிடந்து வெளுத்து, நூல் பிரிந்து, ஓரம் பிசிறடித்திருந்தால் ஏற்றாதீர்கள். பெரியவர்களின் பெல்ட்டை இறுக்கிப் பிள்ளைக்குப் போடுகிறார்களா, பிள்ளைக்கென்று சின்ன அளவு இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிய பிறகு பெல்ட்டைப் பிடித்து மேலே தூக்கினால் இடுப்பிலிருந்து நழுவக் கூடாது. கம்பியில் மாட்டுகிற கொக்கி சும்மா அழுத்தினால் திறக்கிற கொக்கியாக இருக்கக் கூடாது, திருகிப் பூட்டுகிற கொக்கியாக இருக்க வேண்டும். ஒரு கொக்கி விட்டாலும் தாங்க இரண்டாவது கொக்கி மாட்டியிருக்க வேண்டும். மறுமுனையில் பிடிக்க ஒரு ஆள் நிற்க வேண்டும். உயரம், எடை வரம்பு போர்டில் எழுதியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்த வரம்பைச் சொல்லி யாரையாவது திருப்பி அனுப்புகிறார்களா என்பது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். சாகச விளையாட்டு நடத்துபவர்களுக்குத் தமிழ்நாடு சுற்றுலாத் துறையில் பதிவு உண்டு. அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சுரண்டைப் பக்கமும் கயத்தாற்றுப் பக்கமும் காற்றாலைகளை நட்டு வைத்ததே அதற்காகத்தான். அந்தக் காற்றிலும் சாரலிலும் ஜிப்லைனை நிறுத்திவிடுவதுதான் முறை. நிறுத்தினால் சந்தோஷப்படுங்கள். ஆனால் நிறுத்தினால் பதிலுக்கு என்ன, கூரைக்குள் என்ன விளையாட்டு, கட்டிய காசில் ஏதாவது குறையுமா என்பதை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். சாரல் காலத்துக்கு ரிசார்ட் பார்க்கிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது.

நீச்சல் குளம்

படத்தில் பெரிதாகத் தெரியும் குளம் நேரில் சின்னதாக இருக்கும். அது பெரிய விஷயம் இல்லை. ஆழம் எத்தனை அடியில் தொடங்கி எத்தனை அடியில் முடிகிறது, அது கரையில் எழுதியிருக்கிறதா, நீச்சல் தெரிந்த காவலாள் குளம் திறந்திருக்கும் நேரம் முழுக்க நிற்கிறாரா, இதைத்தான் பார்க்க வேண்டும். காவலாள் நின்றாலும் பிள்ளை தண்ணீரில் இருக்கும்வரை உங்களில் ஒருவர் போனைப் பையில் வைத்துவிட்டுக் கரையில் உட்காருங்கள். தண்ணீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது, சத்தமில்லாமல்தான் போகும்.

பல குளங்களில் பருத்தித் துணியோடு இறங்க விடமாட்டார்கள், நைலான் உடை கேட்பார்கள். அங்கே வாடகைக்கு எடுப்பதைவிட வீட்டிலிருந்து கொண்டுபோவது நல்லது. பெண்களுக்குத் தனி நேரம் வேண்டும் என்று நினைக்கிற குடும்பங்கள் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் ஒதுக்கித் தருவார்கள். படகு, கயாக் இருந்தால் லைஃப் ஜாக்கெட் பிள்ளையின் அளவில் இருக்க வேண்டும். தோளைப் பிடித்துத் தூக்கினால் காது வரை ஏறுகிற ஜாக்கெட் தண்ணீரில் உதவாது.

'தனியார் அருவி' விளம்பரம்

'எங்கள் வளாகத்திலேயே அருவி' என்று சில இடங்களில் சொல்வார்கள். குழாயில் ஏற்றி விடும் தண்ணீர் என்றால் அது ஒரு பெரிய ஷவர், அவ்வளவுதான். ஆனால் ஓடையை மறித்துத் திருப்பிச் செய்தது என்றால் விஷயம் வேறு. இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்த ஓடைகள் கீழே குளங்களுக்கும் வயல்களுக்கும் போக வேண்டியவை. நம் பிள்ளைகள் குளிப்பதற்காக இன்னொருவர் வயலுக்குப் போகும் தண்ணீரை மறிக்கிற இடத்துக்கு நாம் காசு கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். காட்டை ஒட்டி இரவில் டி.ஜே. போடுகிற இடங்களையும் தவிர்த்துவிடுங்கள். அம்பாசமுத்திரம் பக்கம் என்றால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் தங்குகிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

சாப்பாடு

மூன்று வேளையும் ரிசார்ட்டில்தான் என்றால் என்ன சமைப்பார்கள் என்று கேட்பதில் தவறே இல்லை. பன்னீர் பட்டர் மசாலாவும் கோபி மஞ்சூரியனும் எல்லா ஊரிலும் கிடைக்கும். இந்த மண்ணுக்கு வந்துவிட்டு ஒரு வேளையாவது சொதியும் இஞ்சித் துவையலும், அல்லது உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் சாப்பிடாமல் பிள்ளைகள் திரும்பக் கூடாது. ஐந்து பேருக்கு மேல் போனால் முந்தின நாளே சொன்னால் செய்து தருகிற சமையல்காரர்கள் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்குக் காரமில்லாத பருப்புச் சோறு, இரவு பத்து மணிக்குப் பால், ஆச்சிக்கு வெந்நீர், இதெல்லாம் கேட்டால் கிடைக்குமா என்றும் கேளுங்கள். பஃபேயை இரவு எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்பதையும் சேர்த்து.

பெரியவர்கள் கூட வந்தால் தரைத்தள அறை, கைப்பிடி உள்ள குளியலறை, அறையிலிருந்து சாப்பாட்டுக்கூடத்துக்குப் படி இல்லாத வழி. மலைச்சரிவில் கட்டிய காட்டேஜ் பார்க்க அழகு, முழங்கால் வலிக்கு ஆகாது.

வெளியே ஒரு அரை நாள்

நல்ல ரிசார்ட் வளாகத்துக்கு வெளியேயும் கூட்டிப் போகும். காருகுறிச்சியில் மண்பானை வனைவதைப் பார்ப்பது, பத்தமடையில் கோரைப்பாய் நெய்வதைப் பார்ப்பது, வயலில் பம்புசெட் குளியல், இதெல்லாம் பேக்கேஜில் இருந்தால் அந்த இடத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். தை, மாசியில் வந்தால் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். மரத்திலும் வீட்டு முற்றத்து வேலியிலும் நாரைகள் இருக்க, ஊர்க்காரர்கள் பட்டாசு வெடிக்காமல் அவற்றைக் காத்து வருகிறார்கள். பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஊர். செங்கோட்டையிலிருந்து புனலூர் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் மலைக் குகைப்பாதையும் பதின்மூன்று கண் பாலமும் வரும். தென்மலையில் இறங்கிச் சுற்றுலாப் பூங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

மாஞ்சோலை, காரையாறு, மணிமுத்தாறு அருவி எல்லாம் வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. 'மாஞ்சோலை ட்ரிப் அடக்கம்' என்று யார் சொன்னாலும், அனுமதி வாங்குவது யார், அன்று அனுமதி கிடைக்காவிட்டால் என்ன என்று கேளுங்கள். ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து அய்யனார் கோவில் கூட்டம் இருக்கும். அந்த நாட்களில் பாபநாசம் மலைப்பக்கம் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

முன்பணம்

இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொண்ட பிறகு, அந்தந்த இடத்தைப் பற்றிய புதிய விமர்சனங்களை மட்டும் படியுங்கள். கடந்த இரண்டு மூன்று மாதத்தில் பிள்ளைகளோடு போனவர்கள் எழுதியது போதும். விருந்தினர்கள் எடுத்த படங்களில் குளத்துத் தண்ணீரின் நிறத்தையும் கழிப்பறையையும் பாருங்கள். திருநெல்வேலி, தென்காசியில் சொந்தக்காரர்கள் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள். உள்ளே விட்டுச் சுற்றிக்காட்டத் தயங்குகிற இடத்துக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம்.

பணம் அனுப்பும்போது தனிநபர் எண்ணுக்கு அனுப்பாமல் ரிசார்ட்டின் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்புங்கள். தேதி, ஆள் கணக்கு, பிள்ளைகளின் வயது, எந்தெந்த வேளைச் சாப்பாடு, எந்தெந்த விளையாட்டு, வரி சேர்த்த மொத்தத் தொகை எல்லாம் ஒரே செய்தியில் எழுதி அவர்களிடமிருந்து 'சரி' என்று பதில் வாங்குங்கள். வெள்ளம் வந்து சாலை அடைத்தாலோ, மாவட்ட நிர்வாகம் சுற்றுலாவுக்குத் தடை போட்டாலோ பணம் திரும்புமா, தேதி மாற்றுவார்களா என்பதும் அதே செய்தியில் இருக்கட்டும். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வண்டி கிடைக்குமா என்று ஒரு வரி கேளுங்கள். பக்கத்தில் தென்காசி அரசு மருத்துவமனை, பெரிதாக ஏதாவது என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு தடவை போன் செய்து, மழை எப்படி, அருவியில் குளிக்க அனுமதி இருக்கிறதா, மறுநாள் விளையாட்டு நேரம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாரல் காலமென்றால் ஆளுக்கு இரண்டு செட் துணி கூடுதலாக எடுத்து வையுங்கள். அங்கே போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. அறை ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டுக் குளத்துக்குப் போகாதீர்கள், திரும்பி வருவதற்குள் குரங்கு உள்ளே வந்துவிடும்.